204ஆம் படியில் இடப்பக்கம் ஒரு கதவு

உள்ளங்கையில் இருபது சென் காசு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கதவு. மண்ணையும் நூலையும் சேர்த்துச் செய்த கதவு. மேல் பக்கம் கீல் வைத்திருக்கிறது. தூக்கினால் திறக்கும், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். வாசலில் இருந்து விசிறி மாதிரி ஆறேழு நூல்கள் சுவர்மேல் விரிந்து கிடக்கும். கதவுக்குப் பின்னால், இருட்டில், முன்கால்களின் நுனிகளை நூல் ஆரம்பிக்கிற விளிம்பில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்காரி காத்திருப்பாள்.

அவளுடைய வம்சத்துக்கு வயது 30 கோடி ஆண்டு. டைனோசர் எல்லாம் அவளுக்குப் பின்னால் வந்ததுதான்!

அந்த வீடு எங்கே இருக்கிறது தெரியுமா? நம் பத்துமலையில். 272 படியில் ஏறி இறங்கும்போது நாம் தோளை உரசாத குறையாகக் கடந்து போகிற இடத்தில். இது தெரிந்த நாளில் இருந்து நான் பார்க்கிற ஆளிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். இன்றைக்கு உங்கள் முறை.

கெர்லிங் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பத்துமலை என்றால் லோரிப் பயணம். தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி, பெரட்டுக் களத்தில் லோரி வந்து நிற்கும். பாய், போர்வை, பால்குடம், புளிச்சோற்றுப் பொட்டலம் எல்லாம் ஏறும். கோலகுபு பாரு தாண்டுவதற்குள் பாட்டி மடியில் நான் தூங்கிவிடுவேன். கண் திறந்தால் உறுமிச் சத்தமும் சாம்பிராணிப் புகையும். அப்புறம் படி. எண்ணிக்கொண்டே ஏறுவோம். இருநூறு தாண்டியதும் பாட்டிக்கு மூச்சு வாங்கும். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பார். அந்த இடத்தில் இடப்பக்கம் ஒரு பாதை பிரிந்து போவதைப் பார்த்து, "அது என்ன பாட்டி?" என்று கேட்பேன். "அது இருட்டுக் குகைடா கண்ணு, அங்கல்லாம் போகக்கூடாது. வௌவாலு இருக்கும்."

வௌவால் இருக்கும் என்று பாட்டி சொன்னது சத்தியமான வார்த்தை. கதையே அந்த வௌவாலில்தான் தொடங்குகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

204ஆம் படி. அங்கேதான் அந்தப் பாதை பிரிகிறது. பல வருடம் அந்த வழியாகச் சுற்றிப் பார்க்க ஆட்களை அழைத்துப் போனார்கள். 2019இன் தொடக்கத்தில் மூடினார்கள். மூடுவதற்கு இரண்டு வருடம் முன்னால், ஒரு பள்ளி விடுமுறையில், நான் உள்ளே போனேன்.

தலைக்கவசம் கொடுத்தார்கள், கைவிளக்கு கொடுத்தார்கள். வழிகாட்டியாக வந்தது இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு தம்பி. வாசலில் நிற்கும்போது வெளியே நாதஸ்வரம் கேட்கிறது, குரங்கு சண்டை கேட்கிறது, பஜ்ஜி வாசம்கூட வருகிறது. ஐம்பது அடி உள்ளே போனதும் எல்லாம் அடங்கிப் போனது. சொட்டு, சொட்டு என்று தண்ணீர்ச் சத்தம். மேலே எங்கேயோ உயரத்தில் கசமுசவென்று ஆயிரக்கணக்கில் கீச்சுக் குரல். மூக்கில் ஏறும் ஒரு காரமான வாடை. அதுதான் வௌவால் எச்சம். 1860களிலேயே சீனர்கள் இந்த மலைக் குகைகளில் இருந்து இந்த எச்சத்தை அள்ளிக்கொண்டுபோய்க் காய்கறித் தோட்டத்துக்கு உரமாகப் போட்டார்கள்.

குகைக்குள் கூடங்களும் சந்துகளுமாக ஏறக்குறைய 2 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. ஒரு கூடத்தில் நிறுத்தி, எல்லாரும் விளக்கை அணையுங்கள் என்றார் தம்பி. அணைத்தோம். கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். என் கையை என் முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. முருகனுக்குக் குகன் என்றொரு பெயர் இருப்பது அந்த இருட்டில் எனக்கு நினைவுக்கு வந்தது. குகையில் இருப்பவன். சிறு வயதில் இருந்து சொல்லி வந்த பெயர், அன்றைக்குத்தான் உடம்பில் உறைத்தது.

நான் சொன்ன வீட்டுக்காரி ஒரு சிலந்தி. அவள் இருந்த இடம் அந்த அளவுக்கு ஆழமான இருட்டுக்கூட இல்லை. பாதையை ஒட்டிய சுண்ணாம்புச் சுவர், ஈரமாக, மண்படிந்து, பழுப்பாக. "அக்கா, இங்க பாருங்க. விளக்க நேரா அடிக்காதீங்க, கையால மறைச்சுக்குங்க. சுவத்தத் தொடாதீங்க," என்றார். பார்த்தேன். சுவர்தான் தெரிந்தது. "எங்க தம்பி?" "உங்க மூக்குக்கு நேரா இருக்கு."

மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். முதலில் நூல்கள் தெரிந்தன. எண்ணினேன், ஏழு. ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம் இருக்கும், தலைமுடி மாதிரி மெல்லிசு. ஏழும் ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்தன. அந்த இடத்தில் ஒரு கோடு, கீழ்நோக்கி வளைந்த ஒரு கோடு. அதுதான் கதவின் விளிம்பு! கதவுமேல் பூசியிருந்த மண் சுவரில் இருந்த அதே மண். காட்டித் தராவிட்டால் ஆயிரம் வருடம் நின்றாலும் என் கண்ணில் பட்டிருக்காது.

அப்புறம் நடந்தது என் வாழ்நாளில் மறக்காது. கரப்பான் குஞ்சு ஒன்று சுவரில் ஓடி வந்தது. இந்தக் குகையில் எச்சத்தைத் தின்று வாழும் கரப்பான்கள் கணக்கில்லாமல் உண்டு. அது மூன்றாவது நூலில் கால் வைத்தது. கதவு 'டப்' என்று எழும்பியது. கருப்பும் வெளிறிய பழுப்புமாகப் பட்டை போட்ட கால்கள், பாதி உடம்பு, அவ்வளவுதான். கதவு மூடியிருந்தது. கரப்பான் இல்லை. ஏழு நூலும் அப்படியே. நான் வாயில் கை வைத்து அழுத்திக்கொண்டேன், கத்தி விடுவேனோ என்று. தம்பி சிரித்தார். "ரெண்டு வருசமா வேலை செய்யறேன் அக்கா, இத நான் பாத்ததே நாலஞ்சு தடவதான்."

அவள் பெயர் லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ். 'பத்துவென்சிஸ்' என்றால் பத்துமலைக்காரி. ஊர்ப் பெயரையே தன் பெயராகத் தாங்கி, உலகப் பட்டியலில் நிற்கிறாள். 1923இல் எச்.சி. ஆபிரகாம் என்பவர் லண்டன் விலங்கியல் கழகத்தின் வெளியீட்டில் இவளைப் பற்றி எழுதினார். தோற்றத்தோடு நிறுத்தாமல், கூடு கட்டும் விதம், நூல் போடும் விதம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதினார். பத்துமலையில் தைப்பூசம் 1892 முதல் நடக்கிறது. ஆக, நாம் காவடி எடுத்து ஏறத் தொடங்கி முப்பது வருடம் ஆன பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் ஏட்டில் ஏறியது.

இந்த வம்சத்துச் சிலந்தி அறிவியலுக்கு முதன்முதலில் தெரிய வந்ததும் நம் நாட்டில்தான் என்பது தெரிந்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. 1849இல் ஷியோட்டே என்ற டென்மார்க்குக்காரர் பினாங்குச் சிலந்தி ஒன்றை ஆராய்ந்து, லிபிஸ்டியஸ் டெசல்டோர் என்று பெயர் வைத்தார். எல்லாச் சிலந்தியைப் போலவும் இல்லையே இது என்று அறிஞர்கள் விழித்தார்கள். காரணம் அதன் வயிறு.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையின் உயிரே இதில்தான் இருக்கிறது. நம் வீட்டுக் கூரையில் நூலாம்படை கட்டும் சிலந்தியைப் பாருங்கள். வயிறு ஒரு சின்னப் பை மாதிரி வழவழவென்று இருக்கும். நூல் சுரக்கும் உறுப்பு வயிற்றின் கடைசி நுனியில் இருக்கும். பத்துமலைக்காரிக்கு அப்படி இல்லை. அவள் வயிற்றின் மேல், ஓடு வேய்ந்த மாதிரி வரிசையாகத் தகடுகள். தேளுக்கு இருக்குமே, அந்த மாதிரிக் கணுக்கள். நூல் சுரக்கும் உறுப்பு நுனியில் இல்லாமல் வயிற்றின் அடியில், நட்ட நடுவில் இருக்கிறது. சிலந்தி இனமே ஆதியில் இப்படித்தான் இருந்தது. மற்றச் சிலந்திகள் காலப்போக்கில் தகடுகளை இழந்தன, நூல் சுரப்பியைப் பின்னுக்குத் தள்ளின, அவற்றில் பல ஆகாயத்தில் வலை கட்டக் கற்றன. இவளுடைய வம்சம் மட்டும் மூதாதையர் வீட்டை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டது.

பிரான்சில் மோன்சோலேமின் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில் கிடைத்த ஒரு கல்லுக்குள் இப்படித் தகடு வைத்த சிலந்தி ஒன்று பதிந்து கிடந்தது. வயது சுமார் 30 கோடி ஆண்டு. அந்தக் கல்லில் பார்த்ததை உயிரோடு பார்க்க வேண்டும் என்றால் எங்கே வரவேண்டும்? தென்கிழக்கு ஆசியாவுக்கும் சீனாவுக்கும் ஜப்பானுக்கும்தான் வரவேண்டும். வேறு கண்டம் எதிலும் இந்தத் தகட்டு வயிற்றுச் சிலந்தி கிடையாது. உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022இல் 50,000 தாண்டியது. அதில் இந்தப் பழங்குடி வம்சம் ஏறக்குறைய 200தான்.

கடித்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். இந்த வம்சத்துக்கு நஞ்சே கிடையாது என்று வெகுகாலம் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். 2010இல் ஃபோலிக்ஸ், எர்ப் என்ற இருவர் நுண்ணோக்கியில் தேடி, லிபிஸ்டியஸ் சிலந்திக்கு நஞ்சுச் சுரப்பி உண்டு என்று காட்டினார்கள். முப்பது கோடி வருடக் குடும்பத்தைப் பற்றி நேற்றைக்குத்தான் ஒரு செய்தி தெரிந்திருக்கிறது, எவ்வளவு அழகு! மனிதரைத் தேடிவந்து கடிக்கிற வழக்கமெல்லாம் அவளுக்கு இல்லை. அதிர்வு பெரிதாக இருந்தால் அவள் செய்கிற முதல் வேலை, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு உள்ளே போவது. சில கூடுகளில் மறுமுனையிலும் ஒரு கதவு இருக்கும். முன்வாசலில் ஆபத்து என்றால் பின்வாசல்.

அவள் அந்தக் கதவைச் செய்கிற விதத்தைக் கேளுங்கள். முதலில் சுவரோடு ஒட்டி நூலால் ஒரு குழாய் நெய்கிறாள். அதன் வெளிப்பக்கம் மண்ணும் எச்சத் துகளும் பூசுகிறாள். வாய்ப் பக்கத்தில் நூலடுக்குகளால் ஒரு வட்டமூடி. அதன் மேல் விளிம்பை மட்டும் குழாயோடு சேர்த்துவிடுகிறாள், அதுதான் கீல். உடம்பு ஓர் அங்குலம் இருக்கும். செய்திருப்பது தச்சன் வேலை, கொத்தன் வேலை, தறி வேலை மூன்றும். அப்புறம் நூல்கள். வலை போட்டுப் பிடிக்கிற ஆள் இல்லை இவள். அந்த ஆறேழு நூலும் பூச்சியை ஒட்ட வைக்காது, கட்டியும் போடாது. எங்கள் லயத்தில் கோழிக் கூட்டுக்குக் காவலாகப் பால் டின்னைக் கயிற்றில் கட்டி வைப்பார் தாத்தா. கீரியோ உடும்போ கயிற்றில் தட்டினால் டின் சத்தம் போடும். அதே வேலைதான். பூச்சி நூலைத் தட்டினால் காலுக்குத் தெரியும். எந்த நூல் அசைந்ததோ அந்தப் பக்கம் பாய்வாள். பார்வையை அவள் நம்புவதே இல்லை.

பெண்கள் பல வருடம் வாழ்கிறார்கள், பெரும்பாலும் ஒரே வீட்டில். ஆண் வயதுக்கு வந்ததும் வீட்டைவிட்டுப் பெண் தேடிக் கிளம்புகிறது, அதோடு அதன் காலம் முடிகிறது. குஞ்சுகள் மற்றச் சிலந்திக் குஞ்சுகள் மாதிரி நூலில் தொங்கிக் காற்றில் பறந்து ஊர் மாறுவதில்லை. நடந்துதான் போக வேண்டும். எவ்வளவு தூரம் நடக்கும்? இதனால்தான் ஒவ்வொரு மலைக்கும் ஒரு சிலந்தி என்று பிரிந்து கிடக்கின்றன. பகாங்கில் பாஞ்சிங் குகைக்கு ஒன்று, லிபிஸ்டியஸ் பாஞ்சிங். பேராக்கில் கோப்பெங் பக்கம் தெம்புருங் குகைக்கு ஒன்று, லிபிஸ்டியஸ் தெம்புருங். சிம்மோருக்குப் பக்கத்துக் கந்தான் மலைக்கு ஒன்று, லிபிஸ்டியஸ் கந்தான். எல்லாம் ஊர்ப் பெயர்! தோட்டத்தில் நாம் ஆளை அடையாளம் சொல்வோமே, கெர்லிங் மாமா, ரவாங் சித்தி, தஞ்சோங் மாலிம் அத்தை என்று, அந்த மாதிரி.

ஆனால் கெர்லிங் மாமா வேறு தோட்டத்துக்கு மாறிப்போகலாம். கந்தான் சிலந்தியால் கந்தான் மலையை விட்டு அப்படி மாறிப்போக முடியாது. அந்தச் சுண்ணாம்பு மலையைச் சிமெண்டுக்காக வெட்டுகிறார்கள். பத்துமலையையும் வெட்டினார்கள். 1980களின் தொடக்கத்தில்தான் கல்லுடைப்பு நின்றது. அந்த வெடி இன்னும் கொஞ்ச வருடம் தொடர்ந்திருந்தால் நான் பார்த்த அந்த ஏழு நூலும் இருந்திருக்குமா என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது வௌவாலுக்கு வருகிறேன். பாட்டி சொன்ன அந்த வௌவால்.

குகைக்குள் வெயில் இல்லை. வெயில் இல்லாமல் செடி இல்லை. செடி இல்லாமல் சாப்பாடு எங்கிருந்து வரும்? வௌவால் கொண்டு வருகிறது. இருட்டிய பிறகு வெளியே போய் மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் திரும்பி, கூரையில் தொங்கிக்கொண்டு எச்சம் போடுகிறது. அந்த எச்சத்தைக் கரப்பானும் மரவட்டையும் குகைச் சிள்வண்டும் உண்கின்றன. அவற்றை நம் வீட்டுக்காரி உண்கிறாள். இந்த வௌவால்களில் தேன் குடிக்கிற ஒரு வகை உண்டு. 1970களில் ஸ்டார்ட், மார்ஷல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவை எந்தெந்தப் பூவுக்குப் போகின்றன என்று தேடினார்கள். டுரியான் பூவுக்குப் போகிறது. பெத்தாய் பூவுக்குப் போகிறது. இன்னும் எங்கே தெரியுமா? முப்பது கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, கடலோரச் சதுப்பு நிலத்துப் பெரெம்பாங், பெரெபாட் மரங்களின் பூவுக்குப் போகிறது!

கோலசிலாங்கூர்க்காரர்கள் இப்போது எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், அதே பெரெம்பாங்தான். கம்போங் குவாந்தான் ஆற்றில் மின்மினிகள் ஒன்றாகச் சேர்ந்து அணைந்து எரிகிற அதே இனத்து மரம். அதன் பூ ராத்திரியில் விரிந்து, விடியும்போது இழைகளை உதிர்த்துவிடும். அந்த ஒற்றை ராத்திரிக்குள் வந்து தேன் குடித்து மகரந்தம் பூசிக்கொண்டு போகிறது வௌவால். கடலோரத்துச் சேற்றில் பூத்த தேன், மலைக்குள் எச்சமாக விழுந்து, கரப்பானாகி, கதவுக்குப் பின்னால் காத்திருப்பவளுக்குச் சோறாகிறது. எங்கள் கெர்லிங் பக்கத்து டுரியான் வாசம் வீசும் காலத்தில், சுளையை வாயில் போடும்போதெல்லாம் நான் அந்த இருட்டுக் கூடத்துக் கீச்சுக் குரலை நினைத்துக்கொள்கிறேன். வெறும் நினைப்புத்தான், ஆனாலும் பழம் கூடுதலாக இனிக்கிறது.

குகையை மூடியதைப் பற்றிக் கேட்டால் என் மனம் இரண்டு பக்கமும் இழுக்கும். நம் பிள்ளைகள் அந்தக் கதவைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. ஆள் நடமாட்டம் இல்லாமல் அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று இன்னோர் ஆசை. முடிவாகச் சொன்னால், இரண்டாவதுதான் எனக்குப் பெரிது. பார்த்தே தீர வேண்டும் என்று யாரும் வேலி தாண்டிப் போக வேண்டாம். இவளுடைய உறவுக்காரர்கள் மலைப்பாதை ஓரத்து ஈரமான, நிழலான மண் கரைகளில் குகைக்கு வெளியிலும் வாழ்கிறார்கள். பாசி படர்ந்த கரையில் விசிறி மாதிரி நூல் விரிந்து கிடப்பதைக் கண்டால் குனிந்து பாருங்கள். குச்சி விட்டுக் கிளற வேண்டாம், கதவைப் பிய்த்தால் அவள் உயிர் போகலாம். பிடித்து விற்க நினைப்பவர்களுக்கு இடத்தைச் சொல்லவும் வேண்டாம்.

பாட்டி இப்போது இல்லை. போன தைப்பூசத்துக்கு என் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். 2018இல் வண்ணம் பூசிய பிறகு படி எல்லாம் வானவில் மாதிரி இருக்கிறது. அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். இருநூற்று நாலு என்றதும் நிறுத்தி, காதோடு காதாக முழுக் கதையையும் சொன்னேன். ஏழு நூலைக் கையில் விரல் விரித்துக் காட்டினேன். "இப்பவும் அங்க இருக்குமா அத்தை?" என்றாள். இருக்கும் என்றேன். அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே ஏறினாள்.

அடுத்த முறை நீங்களும் எண்ணிக்கொண்டே ஏறுங்கள். 204இல் ஒரு நிமிடம் இடப்பக்கம் திரும்பிப் பாருங்கள். கையில் காலிப் போத்தல் இருந்தால் அங்கே போட்டுவிடாமல் கீழே இறங்கும்வரை பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கூட வரும் பிள்ளைகளிடம் அவள் பெயரை ஒரு தடவை சொல்லுங்கள்: லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ்.